தவறணையின் திறவுகோல்

மதுவைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நாம் இரண்டு கட்சிகளையே காண்கின்றோம். ஒரு கட்சி குடியைப் பாவம் என்கிறது. மற்றக் கட்சி அதனைத் தனிமனிதனின் சுதந்திரம் என்கிறது. முன்னதன் வாயிலாகச் சமயமும் பின்னதன் வாயிலாக வியாபாரமும் பேசுகின்றன. இவ்விரு கட்சியினரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. மனிதர் கூடியிருக்கும் ஓர் இடத்தைத் திறக்கவும் மூடவும் உரிமையுடையவர் யார்? இக்கேள்வியை ஆராய்வதற்கு வேல்ஸ் நாட்டின் சிறிய சந்தை நகரம் ஒன்றும் அதன் மதுச்சாலைகளும் ஏற்ற களமாக அமைகின்றன.

வேல்ஸ் மொழியில் மதுச்சாலைக்குத் 'தவர்ன்' என்று பெயர். 'தபேர்னா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. அதே இலத்தீன் சொல்லே போர்த்துக்கேயர் வாயிலாக நம் நாட்டை அடைந்து 'தவறணை' ஆயிற்று என்பர். ஒரே வேரிற் பிறந்த இவ்விரு சொற்களும் இன்று ஒரே மதிப்பைப் பெறுவதில்லை. நமது சொல்லின்மீது இழிவின் நிழல் படிந்திருக்கின்றது. அங்கோ மதுச்சாலை ஊரின் பொது அறையாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் 'பப்' என்பதும் 'பொதுமனை' என்று பொருள்படும் தொடரின் சுருக்கமே. பொதுமனை என்ற அப்பெயர் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதே நாம் காணவேண்டியது.

வேல்ஸின் தென்மேற்கே கார்மாதன் மாவட்டத்தில் உள்ளது லாண்டோவரி. ஏறத்தாழ 2,000 மக்களே அங்கு வாழ்கின்றனர். புகையிரதம் வருவதற்கு முன்னர், மேற்கு வேல்ஸின் மலைப்புறங்களில் வளர்ந்த மாடுகளை இங்கிலாந்தின் சந்தைகளுக்குக் கால்நடையாகச் சாய்த்துச் சென்ற வணிகர் கூடிய நகரம் இது. நெடும்பயணத்தில் குளம்பு தேயாதிருக்க மாடுகளுக்கு லாடம் அடிக்கப்பட்டது. மனிதருக்கு உணவும் படுக்கையும், மாடுகளுக்கு இரவில் மேய்ச்சல் நிலமும் வேண்டியிருந்தன. இத்தேவைகளிலிருந்தே வழிநெடுகத் தவறணைகள் தோன்றின. விலை பேசியதும் கடன் கொடுத்ததும் இலண்டன் செய்திகளைக் கேட்டறிந்ததும் அங்கேதான். எனவே தவறணையைக் குடிகாரரின் படைப்பாகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. உற்பத்தியும் பரிவர்த்தனையும் அதனைப் படைத்தன. மது அங்கே அவற்றுக்குத் துணையாக இருந்தது.

இதற்குச் சான்றாக ஒரு வங்கியின் கதையைக் கூறலாம். பொற்காசுகளைச் சுமந்து திரும்பும் வணிகருக்கு வழிப்பறிக் கொள்ளையர் பெரும் அச்சமாக இருந்தனர். 1799இல் மாட்டு வணிகரான டேவிட் ஜோன்ஸ் என்பவர் லாண்டோவரியில், கிங்ஸ் ஹெட் என்னும் விடுதிக் கட்டடத்தில், வங்கி ஒன்றைத் தொடங்கினார். அதன் பணத்தாள்களில் கருங்காளையின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தமையால் மக்கள் அதனைக் 'கருங்காளை வங்கி' என்றே அழைத்தனர். 1909இல் லொயிட்ஸ் வங்கி அதனைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. தவறணையில் மனிதர் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை முதலில் வங்கியாக உருப்பெற்றது. பின்னர் தொலைவிலுள்ள ஒரு பெரு நிறுவனத்தின் சொத்தாயிற்று. தவறணைகளும் இதே வழியிற் சென்றதைப் பின்னர்க் காண்போம்.

பணமுடையோர் மட்டும் அவ்வறைகளைப் பயன்படுத்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழைப்பாளர் தமக்குள் அமைத்துக்கொண்ட பரஸ்பர உதவிச் சங்கங்கள் பலவும் மதுச்சாலைகளின் மேல்மாடி அறைகளிலேயே கூடின. வாரந்தோறும் சில பென்சுகளைச் சேர்த்து, நோயுற்றவனுக்கு உதவிப்பணமும் இறந்தவனுக்கு ஈமச்செலவும் வழங்கின. 1836இல் தோன்றிய ஐவரைட்ஸ் என்னும் சங்கம் தனது அலுவல்களை வேல்ஸ் மொழியிலேயே நடத்தியது. நீதிமன்றத்திலும் அரச கருமத்திலும் தம் மொழிக்கு இடமற்றிருந்த மக்கள், சிற்றாலயத்திலும் தவறணையிலும் அம்மொழியில் தலைநிமிர்ந்து பேசினர்.

அதிகாரமும் தவறணையைத் தனக்குப் பயன்படுத்தியது. லாண்டோவரிக்கு வடக்கே, மத்திய வேல்ஸில், லானிட்லோஸ் என்னும் கம்பளி நெசவு நகரம் உள்ளது. 1839 ஏப்பிரல் 30ஆம் திகதி, வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் சிலரைக் கைதுசெய்த இலண்டன் பொலிசார் அங்குள்ள டிரெவிதன் ஆம்ஸ் விடுதியில் அவர்களை வைத்திருந்தனர். மக்கள் திரண்டு விடுதியைத் தாக்கித் தம் தோழரை விடுவித்தனர். படை வந்து சேரும்வரை சில நாட்கள் நகரம் மக்களின் கையிலிருந்தது. பொதுமனை எவருடைய பொதுமனை என்ற கேள்வி அன்று தெருவில் நின்று கேட்கப்பட்டது.

எனினும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைக் கூறியவராவோம். 1830ஆம் ஆண்டின் பியர்ச் சட்டத்தின்படி, வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தம் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்றாயிற்று. மலிவாகப் பெருகிய இக்கடைகள் உழைப்பாளரின் கூலியை உறிஞ்சின. கூலியே மதுச்சாலையில் வைத்துக் கொடுக்கப்படும் கொடிய வழக்கமும் நிலவியது. அதனைப் பாராளுமன்றம் தடைசெய்தது 1883இல்தான். வேலை முடிந்து களைத்தவன் தன் உழைப்பின் பயனைப் பெறுவதற்குப் பியர்ப் பீப்பாயின் முன்னே காத்திருக்க நேர்ந்தது. வீட்டிலே அடுப்பெரிக்க வழியின்றிக் காத்திருந்தவள் அவன் மனைவி. ஊரின் பொது அறை என்று புகழப்பட்ட இடத்தில் அவளுக்கு இருக்கை இல்லை. அதன் நட்டக் கணக்கு மட்டும் அவள் தலையில் எழுதப்பட்டது. சரி பாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டு ஓரிடத்தைப் பொதுவிடம் என்று கூறுவது தகுமா? 1901இல் தென் வேல்ஸ் பெண்களின் மதுவிலக்குச் சங்கத்தை நிறுவிய கிரனோக்வென், கடலோடியாகவும் கவிஞராகவும் விளங்கிய பெருமாட்டி. அவரையும் அவர் பின்னே அணிதிரண்ட பெண்களையும் இன்பத்தின் எதிரிகள் என்று எள்ளி நகையாடுவோர், அப்பெண்கள் எதனைக் கண்டு வெகுண்டெழுந்தனர் என்பதைச் சிந்திப்பதில்லை.

குடியின் தீமையை உணர்ந்தோர் அதற்குக் கூறிய காரணத்தையும் நாம் பரிசீலித்தல் வேண்டும். லாண்டோவரியில் 1602 முதல் குருவாக இருந்தவர் ரீஸ் பிரிச்சர்ட். 'வேல்ஸ் மக்களின் மெழுகுதிரி' என்று பொருள்படும் அவரது செய்யுள் நூல் பாமரரிடையே பெருவழக்குப் பெற்றது. அவரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. இளமையில் அவர் பெருங்குடியராம். தவறணையில் நின்ற ஓர் ஆட்டுக்கு யாரோ பியர் கொடுக்க, அது குடித்து விழுந்ததாம். மறுநாள் மீண்டும் கொடுத்தபோது ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஆட்டிற்குள்ள அறிவும் தமக்கில்லையே என்று நாணிய குரு அன்றே குடியைத் துறந்தாராம்.

கதை சுவையானது, கூறும் நீதியோ குறையுடையது. அந்த ஆட்டிற்கு எவரும் தவறணையில் வைத்துக் கூலி கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலையோ, குளிர்ந்த ஒற்றை அறை வீடோ அதற்கு இல்லை. புல் இருந்தது, போதாததற்கு மலையும் இருந்தது. மனிதனின் பழக்கத்தை அவனது வாழ்நிலையிலிருந்து பிரித்தெடுத்து, மனவுறுதி ஒன்றினால் மட்டுமே திருத்திவிடலாம் என எண்ணுவது வசதி படைத்தோரின் ஒழுக்கவியலாகும். தனிமனிதனின் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. பொறுப்பைச் சுமத்துவோர், அதனைத் தாங்குவதற்குரிய நிலத்தையும் அவன் காலடியில் அமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்கிறோம்.

வேல்ஸின் கல்விநிலையை ஆராய்ந்து 1847இல் அறிக்கை வெளியிட்ட ஆங்கில ஆணையாளர் மூவர், பாடசாலைகளோடு நில்லாது மக்களின் ஒழுக்கத்தையும் இழித்துரைத்து, அதற்கு அவர்களது மொழியையும் சிற்றாலயச் சமயத்தையும் காரணமாக்கினர். நீல நிற அட்டையில் வெளிவந்த அவ்வறிக்கை இன்றும் வேல்ஸ் மக்களிடையே 'நீல நூல்களின் துரோகம்' என்றே வழங்குகின்றது. ஒழுக்கமற்றவர் என்று தூற்றப்பட்ட ஓர் இனம், தான் எவரினும் ஒழுக்கமுடையது என்று நிறுவ முற்பட்டது. சிற்றாலயங்கள் முன்னின்ற மதுவிலக்கியக்கம் இந்த மானவுணர்விலிருந்தும் வலிமை பெற்றது. அதன் பயனாக 1881இல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ஸின் மதுச்சாலைகளை மூடும் சட்டம் நிறைவேறியது. வேல்ஸைத் தனியொரு நாடாக மதித்து இலண்டன் பாராளுமன்றம் நவீன காலத்தில் இயற்றிய முதற் சட்டம் இதுவேயாகும்.

ஆனால் அச்சட்டத்தின் ஓட்டைகள் எந்தப் பக்கம் திறந்திருந்தன? தனியார் கழகங்கள் அதற்குள் அடங்கவில்லை. வீட்டு நிலவறையில் திராட்சை மது வைத்திருந்த கனவானை அது தீண்டவில்லை. முதல்நாள் இரவு தங்கிய இடத்திலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வந்தவன் 'மெய்யான பயணி' எனப்பட்டு, அவனுக்கு மது வழங்கப்பட்டது. ஆறு நாளும் உழைத்தவனுக்கே ஏழாம் நாள் கதவு மூடப்பட்டது. ஓர் ஒழுக்க விதி ஏழையின் வாயிலில் காவலாகவும் செல்வனின் வாயிலில் விருந்தாளியாகவும் நிற்குமாயின், அதனை அறம் என்று எவ்வாறு கொள்வது?

1961ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பதா மூடுவதா என்பதை ஒவ்வொரு மாவட்டத்து மக்களும் வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்றும், ஏழாண்டுக்கு ஒருமுறை மீண்டும் கேட்கலாம் என்றும் சட்டம் வகுத்தது. லாண்டோவரியை உள்ளடக்கிய கார்மாதன் மாவட்டம் மூடும்படி தீர்ப்பளித்தது. கிழக்கே அடுத்திருந்த பிரெக்னொக் மாவட்டமோ திறக்கும்படி தீர்ப்பளித்தது. சில மைல் தூரத்தில் பாவம் சட்டபூர்வமாகிவிட்டது என்று நகைப்பது எளிது. ஆயினும் இவ்வேற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. குடிப்பவனும் குடியாதவனும், கணவனும் மனைவியும், தலைக்கொரு வாக்குப் பெற்றனர். துன்பத்தைச் சுமந்தவளின் கைக்கும் திறவுகோலில் ஒரு பங்கு கிடைத்தது. இறுதியாக 1996இல் டுவைவோர் என்னும் வடமேற்குப் பிரதேசமும் திறக்கும்படி வாக்களித்தபோது அப்போராட்டம் ஓய்ந்தது.

ஞாயிறு திறந்தது, பின்னர் பல தவறணைகள் ஏழு நாளுமே மூடப்பட்டன. இம்முறை மூடியது சிற்றாலயம் அன்று. 1989இல் பெரும் பியர் உற்பத்திக் கம்பனிகளின் ஏகபோகத்தைத் தளர்த்தவென்று, 2,000க்கு மேற்பட்ட மதுச்சாலைகளை ஒரு கம்பனி வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறந்தது. விற்கப்பட்டவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கியவை பியர் வடிக்காத, சொத்தையே வியாபாரமாகக் கொண்ட புதிய கம்பனிகள். அவற்றின் குத்தகைக்காரர் வாடகையும் செலுத்தி, கம்பனி குறித்த விலைக்கே பியரையும் வாங்கவேண்டியிருந்தது. இவ்வுறவை ஒழுங்குபடுத்த ஒரு விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது 2016இல்தான். மறுபுறம் பெருங்கடைகளில் மது மலிந்தது. வேல்ஸ் அரசு 2020 மார்ச் 2 முதல் மதுவின் அலகு ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலையாக 50 பென்ஸை விதிக்க நேர்ந்தது. குடி குறைந்ததனால் மட்டும் தவறணைகள் மூடப்பட்டிருப்பின் நாம் மகிழ்ந்திருப்போம். ஆனால் குடி வீட்டின் தனிமைக்குள்ளும் புகுந்துகொண்டது. முதியவர் ஒருவர் இரண்டு நாளாக வரவில்லையே என்று கவனித்துத் தேடிச் செல்லும் கண்கள் அற்றுப்போயின. தீமை எஞ்சியது, நன்மை பறிபோயிற்று. இம்முடிவை எடுத்தவரோ அவ்வூரைக் கண்ணாலும் காணாதவர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனிதர் கூடுவதற்கு மது எதற்கு? வாசிகசாலை போதாதா? போதும் என்பதற்கும் வேல்ஸிலேயே சான்றுண்டு. தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பென்சு பென்சாகச் சேர்த்து மன்றங்களையும் நூல்நிலையங்களையும் கட்டினர். பின்னாளில் தேசிய சுகாதார சேவையை நிறுவிய அனூரின் பெவன் கற்றுத் தேறியது டிரெடிகர் நகரத் தொழிலாளர் நூல்நிலையத்தில். அதே காலத்தில், மேலோர் கீழோரைத் திருத்துவதற்காகத் திறந்த கோப்பிச்சாலைகளில் பல நீடிக்கவில்லை. இரண்டிலும் மது இல்லை. ஒன்று மக்களுடையது, மற்றது மக்களுக்காகப் பிறர் நடத்தியது. வேறுபாடு கோப்பையில் இருந்ததைவிட உடைமையிலேயே அதிகம் இருந்தது.

இதனையே அண்மைக்கால முயற்சிகள் சிலவும் உணர்த்துகின்றன. லீன் தீபகற்பத்தின் லித்வைன் கிராமத்து மக்கள் 1988இல் தம் தவறணையைக் கூட்டுறவாக வாங்கி நடத்தத் தொடங்கினர். பெம்புரோக் மாவட்டத்தின் ரோஸ்புஷ் கிராமத்தில், தகரத்தால் அமைந்த தவறணை ஒன்று மூடப்படவிருந்தபோது, 2017இல் பங்கொன்று 200 பவுணாக மக்கள் பணந்திரட்டி அதனை மீட்டனர். 200 பவுண் இல்லாத ஏழைக்கு அங்கே என்ன குரல் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். மது விற்றே வாடகை தேடவேண்டிய நிர்ப்பந்தமும் கூட்டுறவினால் நீங்கிவிடுவதில்லை. எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தொலைவிலுள்ள பங்குதாரனுக்கு, அளவுமீறிக் குடிப்பவன் நல்ல வாடிக்கையாளன். ஊரவர் உடைமையாளராய் இருக்குமிடத்தில், அவன் அண்டை வீட்டுக்காரன். அவன் பிள்ளைகள் இவர்கள் பிள்ளைகளோடு படிப்பவர்கள். அவனுக்கு 'இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்லுவதால் இவர்கள் இழப்பது சிறிது, காப்பது பெரிது.

ஆகவே ஒரு பொதுவிடத்தின் நன்மையையும் தீமையையும் அன்றாடம் அனுபவிப்போரிடமே அதன் திறவுகோல் இருத்தல் வேண்டும். அவர்களுள் அங்கு ஒருபோதும் காலடி வையாத பெண்களும் குடியாதவரும் அடங்குவர். அவர்கள் கூடி அதனைத் திறந்து வைப்பினும், மூடிவிட்டு வாசிகசாலை ஆக்கினும், அம்முடிவு மதிக்கத்தக்கது. சமயத்தின் பெயரால் ஏழையின் கதவை மட்டும் மூடுவதும், இலாபத்தின் பெயரால் ஊரின் கதவையே விற்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். லாண்டோவரியின் மாட்டு வணிகர் நடந்த பாதைகளில் இன்று மாடுகள் இல்லை. மாலையில் மனிதர் ஒருவரையொருவர் காண்பதற்கு ஓரிடம் வேண்டும் என்ற தேவை மட்டும் அங்கே மாறவில்லை. அத்தேவையை நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட்ட எந்தச் சமுதாயமும் தன் மக்களின் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிக்கும் உரிமையை இழந்துவிடுகின்றது.