பூட்டும் அமானிதமும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருவது இயல்பு. நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய சுற்றுப்புறச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகப் பூட்டுகளைக் கையாலேயே செய்து வந்திருக்கிறார்கள். அவற்றுள் மாங்காய்ப் பூட்டு பெயர்பெற்றது. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளே அடுக்கப்பட்ட லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் அதனதன் அளவுக்கு உயர்ந்தாலன்றிப் பூட்டுத் திறவாது. அந்த அளவுகளை அறிந்தது அதற்குரிய சாவி ஒன்றே.

ஆயினும், உடையவரே சாவியை எடுத்து நீட்டிவிட்டால் எந்தப் பூட்டும் காக்க இயலாது. இன்று கைப்பேசி வழியாக நடைபெறும் திருட்டுகளுள் பல இவ்வகையினவே. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவன் பூட்டை உடைப்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்குகிறான். காவல் அதிகாரி வேடத்தில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுபவன் செய்வதும் அதுவே. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது.

“இறைவன் காப்பான், நமக்கேன் இத்தனை முன்னெச்சரிக்கை?” என்பாருண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. தவக்குல் என்பது அசட்டைக்கு மறுபெயரன்று.

“என் கைப்பேசியில் ஒளிக்க என்ன இருக்கிறது? போனால் என் பணம்தானே போகும்?” என்பாரும் உண்டு. அறம் பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. அக்கருவியில் இருப்பவை யாருடையவை? உறவினரின் எண்கள், சகோதரியின் திருமணப் படங்கள், வளைகுடாவில் உழைக்கும் மகனுடைய பாஸ்போர்ட்டின் படி, அண்டை வீட்டார் நம்பிச் சொன்ன துயரம் ஆகியவை நம் உடைமைகளல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். 2024ஆம் ஆண்டில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன. ஒருவர் அதனைத் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டால், அவர் பெயராலேயே அவருடைய உற்றார்க்கும் அதே வலை விரிக்கப்படக்கூடும். அவர்மேல் கொண்ட நம்பிக்கையால் அவர்களும் அதைத் திறப்பர்.

அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு திருக்குர்ஆன் (4:58) பணிக்கிறது. அனுமதியின்றிப் பிறர் இல்லம் புகுவதையும் (24:27), பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் (49:12) விலக்குகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பிறர் அந்தரங்கத்துள் நாம் நுழையாதிருப்பது எவ்வாறு கடமையோ, நம்மிடமுள்ள பிறர் அந்தரங்கத்துள் அயலான் நுழைய இடங்கொடாதிருப்பதும் அவ்வாறே கடமையாகும்.

அதற்குரிய வழிகள் எளியவை. ஓ.டி.பி. எண்ணை எவர்க்கும் சொல்லலாகாது. ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை அமைத்துக்கொள்வது நன்று. தெரிந்தவரிடமிருந்து வந்தாலும், எதிர்பாராத கோப்பாயின் அவரை அழைத்துக் கேட்டபின்பே திறக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏமாறலாம். உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், பணம் கைமாறிப் போகுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு. ஆனால் வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி இரண்டு நாள் வாய்மூடி இருப்போர் உண்டு. “உங்களுக்கு எதற்கம்மா இந்தக் கைப்பேசி?” என்று தாயைக் கடியும் மகன், திருடனுக்கு வேண்டிய அவகாசத்தைத் தானே வழங்கியவனாகிறான். ஏமாந்தவர் குற்றவாளியல்லர். அவர் தயங்காமல் வந்து சொல்லத்தக்க வீடாக நம் வீட்டை வைத்துக்கொள்வதும் அமானிதத்தைப் பேணுவதில் ஒரு பகுதியேயாகும்.