கேட்போர் கடன்: மனிதத் தகவல் தொடர்பும் கொலைக்களக் காதையும்

முன்னுரை

ஒருவர் தம் கருத்தையோ உணர்வையோ பிறர்க்குப் புலப்படுத்துவதும், அவர் அதனை உணர்ந்துகொள்வதும் தகவல் தொடர்பு எனப்படும். இவ்விளக்கத்தின் முற்பகுதியாகிய புலப்படுத்தலைப் பற்றி நாம் மிகுதியாக எழுதியுள்ளோம். உணர்ந்துகொள்ளலைப் பற்றி எழுதியது குறைவு. சொன்னவன் பொய் சொன்னால் குற்றம் அவனுடையது என்பதில் ஐயமில்லை. அப்பொய்யைக் கேட்டு, ஆராயாது செயற்பட்டவனுக்கு அக்குற்றத்தில் பங்கு உண்டா? உண்டெனில் அப்பங்கு எவ்வளவு? இவ்வினாவைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கொண்டு அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

வகைகளும் அவற்றில் விடுபட்டதும்

பங்கு கொள்வோர் தொகையை நோக்கித் தன்னுள் நிகழ்வது, இருவரிடை நிகழ்வது, குழுவினுள் நிகழ்வது, ஊடகவழிப் பலர்க்கும் செல்வது எனத் தகவல் தொடர்பை வகுப்பர். கருவியை நோக்கிச் சொல்வழிப்பட்டது, சொல்லின்றி மெய்ப்பாட்டாலும் குறிப்பாலும் அமைவது என இரண்டாக்குவர். இவ்வகைப்பாடுகள் பயனுடையனவே. எனினும் இவற்றுள் கேட்பவர் பெரும்பாலும் செய்தி சென்று சேரும் இடமாகவே நின்றுவிடுகிறார்.

1948இல் இலாசுவெல் முன்வைத்த புகழ்பெற்ற வாய்பாடு, யார், எதை, எவ்வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் எனக் கேட்டது. கேட்பவரிடம் நேரும் விளைவு அதில் உண்டு. கேட்பவரின் கடமை அதில் இல்லை. அதே ஆண்டில் சானன் வெளியிட்ட கோட்பாடு, செய்தியின் பொருள் பொறியியற் சிக்கலுக்குப் புறம்பானது என வெளிப்படையாகவே ஒதுக்கிவிட்டது. இது சானனின் குறையன்று. கம்பிவழிச் செல்லும் குறிகளைப் பற்றிய கோட்பாட்டை மனித உறவுக்கு அப்படியே பொருத்தியவர்களின் குறை.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று ஓர் உறுப்பு. கேட்போர் மற்றோர் உறுப்பு. களன், காலம், பயன், முன்னம் ஆகியனவும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இதனைக் கொண்டு இக்காலத் தொடர்பியல் முழுவதும் தொல்காப்பியத்தில் உண்டெனச் சாதிப்பது பொருந்தாது; தொல்காப்பியர் பேசுவது செய்யுளைப் பற்றி. ஆயினும் மெய்ப்பாட்டை உணர்தற்குக் கண்ணும் செவியும் கூர்ந்த உணர்வு வேண்டும் என மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா கேட்போர்மேல் ஒரு தகுதியைச் சுமத்துவது கருதத்தக்கது.

அரசன் கேட்ட முறை

கூத்து மகளிரின் ஆடலைப் பாண்டியன் கண்டு மகிழ்ந்ததால் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, அதனை மறைத்துத் தலைநோய் என்று சொல்லி எழுந்து செல்கிறாள். சொல் ஒன்று, குறிப்பு வேறொன்று. அரசன் அவளைத் தேடிச் செல்கிறான். அவள் மாளிகை வாயிலில் பொற்கொல்லன் அடிவீழ்ந்து, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். தேவியின் சொல்லுக்குப் பின்னிருந்த குறிப்பைத் தேடிச் சென்றவன், கொல்லனின் சொல்லுக்குப் பின் ஏதேனும் இருக்கக்கூடும் என எண்ணவில்லை. குறிப்பறியும் ஆற்றல் அவனிடம் இல்லாமலில்லை. அதனைத் தான் விரும்பிய இடத்தில் மட்டுமே அவன் பயன்படுத்தினான்.

அரசனுக்காக ஒன்று சொல்லலாம். வரும் சொல்லையெல்லாம் ஐயுற்றால் ஆட்சி நடவாது. மேலும், அவன் இட்ட ஆணை நிபந்தனையுடையது: தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று கொண்டுவருக என்பதே அவன் சொன்னது. இந்நிபந்தனையைப் பலர் எளிதாகக் கடந்துவிடுகின்றனர். அது தேவியின் சிலம்புதானா என்று தேர்ந்து சொல்ல ஒருவர் வேண்டுமே! காவலர்க்குச் சிலம்பின் வேலைப்பாட்டை விளக்கிக் காட்டியவன் அக்கொல்லனே. பொய் சொன்னவனே அப்பொய்யைச் சரிபார்ப்பவனாகவும் அமைந்துவிட்டான். எனவே நிபந்தனை பெயரளவில் நின்றது. மீட்க இயலாத தண்டனைக்கு ஆணையிடுபவன், சரிபார்க்கும் பொறுப்பு யாரிடம் சென்று சேரும் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும். கேட்போர் கடன் எல்லார்க்கும் ஒரே அளவினது அன்று. கேட்டதன்மேல் செயற்படும் வலிமை மிகுந்தோறும் அதுவும் மிகுகிறது.

காவலர் ஐயம்

காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்கின்றனர். சொல்லல்லாத் தொடர்பு இங்கே உண்மையைச் சரியாகவே உணர்த்திவிட்டது. கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினை அடுக்குகிறான். நூலறிவின் தோரணையில் வந்த பேச்சுக்கு முன் கண்ணால் கண்டது வலிமை இழக்கிறது. பிறகு ஓர் இளைஞன் இருளில் தன் கைவாளைப் பறித்த கள்வனின் கதையைச் சொல்லி, தக்கதைச் சொல்லுமாறு மற்றவரைக் கேட்கிறான். ஆய்வு முடியவில்லை. அதற்குள் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

தமிழ்நாட்டிற்கு வெளியே இப்பகுதியைப் பாடம் நடத்தியபோது, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவி ஒருவர் கேட்டார்: 'இத்தனை பேர் பேசினார்களே, கோவலனிடம் ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை?' ஊழ் என்று விடை கூறி அமைந்தேன். காப்பியத்துக்குள் அவ்விடை பொருந்தும். ஆயினும் அவர் கேட்டது ஊழைப் பற்றியதன்று. இருவரிடைத் தொடர்பு, குழுத் தொடர்பு, குறிப்பு, ஆணை என எல்லா வகையும் நிகழ்ந்த அக்களத்தில், பேசப்பட்டவனோடு தொடர்பு கொள்ளப்படவே இல்லை.

குற்றத்தை ஏற்றலும் ஏற்றிச் சொல்லலும்

வழக்குரை காதையில் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், பாண்டியன் தன் குற்றத்துக்கு இடும் பெயர் நுட்பமானது. கொல்லன் ஏமாற்றினான் என்று அவன் சொல்லவில்லை. கொல்லனின் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கிறான். கேட்டதையே செயலாகவும், குற்றமாகவும் அவன் காண்கிறான். காவலரின் ஐயமும் களிமகனின் வாளும் அவ்வொப்புதலில் இடம்பெறவில்லை. முழுப்பழியையும் தனியே ஏற்கிறான். இது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் பழியைக் கீழே தள்ளிவிடுவதினும் மேலானது.

அதே காப்பியத்தில் மற்றொரு விடையும் உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரை கூறுகிறது. முன்னவன் பழியைக் கேட்ட தன்மேல் ஏற்றிக்கொண்டான். பின்னவன் அதனைச் சொன்னவன்மேல் மட்டுமன்றி, அவன் தொழிலைச் செய்தோர்மேலும் ஏற்றினான். அவ்வாயிரவரிடமும் ஏதேனும் கேட்கப்பட்டதாகக் கட்டுரை குறிப்பிடவில்லை.