படங்கில் கொட்டியது

கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கும் தங்கச்சி தைப்பொங்கலுக்கு வந்தபோது ஓர் உரப்பை நிறைய லெகோ கட்டைகள் கொண்டுவந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம். மகன் பையைத் தலைகீழாகப் பிடித்தான். சீமெந்துத் தரையில் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

லயத்தில் எங்களுக்கு 10க்கு 12 அடி காம்பரா. இஸ்தோப்பில் வைக்கலாம் என்றால் சாரல். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே உருளைக்கிழங்கு. இரவில் லைட் போடாமல் எழும்பியவள் மூன்று நாளும் கட்டையை மிதித்தேன்.

*

அம்மா பரணிலிருந்து பழைய சாக்குப் படங்கை எடுத்து உதறினாள். விரித்தால் விளையாட்டு, நாலு மூலையையும் கூட்டி முடிந்தால் மூட்டை. இடப் பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்தது. தேடும் பிரச்சினை தீரவில்லை.

*

மகன் நிறம் நிறமாகப் பிரித்தான். இரண்டு நாள் வேலை. பார்க்க அழகுதான். மூன்றாம் நாள் ஒற்றைப் புள்ளிச் சிவப்புத் துண்டு ஒன்று வேண்டியிருந்தது. சிவப்புக் குவியலுக்குள் அரை மணி நேரம் கிண்டிவிட்டு அழுதான்.

"கலரு கடைசில பாக்குறது ராசா. மொதல்ல சலிக்கணும்" என்றாள் அம்மா.

அம்மா கொழுந்தெடுத்து முதுகு வளைந்த பிறகு தேயிலை ஸ்டோரில் காம்பு பொறுக்கியவள். அங்கே காய்ந்த தூள் முதலில் சல்லடைக்குத்தான் போகும். பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்பதெல்லாம் பெரும்பாலும் துணுக்கின் அளவுக்கு வைத்த பெயர்கள். டஸ்ட் என்றால் குப்பை என்று கொழும்பில் நினைக்கிறார்கள். அதே கொழுந்து, கண் சிறிய சல்லடையில் இறங்கியது, அவ்வளவுதான். நிறம் பார்ப்பது அதற்குப் பிறகு, கறுப்புக்குள் கிடக்கும் செங்காம்பைப் பொறுக்கத்தான். அதற்கு இப்போது கமரா வைத்த கலர் சோட்டர் இருக்கிறது. காம்பைக் கண்டதும் காற்றடித்துத் தள்ளிவிடும். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அதுக்குக் கண்ணு எரியாதா?" என்றாள்.

*

மரக்கறிக் கூடையில் இரண்டு கை அள்ளிப் போட்டு ஆட்டினாள். கீழே இறங்கியதை அரிதட்டில் போட்டு மறுபடி ஆட்டினாள். மேலே தங்கியவை நீளக் கட்டைகள், தட்டைகள். நடுவில் நாலு புள்ளி, இரண்டு புள்ளி. கடைசியில் மணி மாதிரி துணுக்குகள். பிறகு கையால் வடிவம் வடிவமாக டின்களுக்கு. பால்மா டின், மாஜரின் டப்பா, யோகட் கப். ஒரே வடிவங்களுக்குள் சிவப்பு கேட்டால் சிவப்பு தானே கண்ணில் விழுகிறது. நான் படித்தவள், பாடம் நடத்துகிறவள், எனக்குத் தோன்றவில்லை.

எதிலும் சேராதவை மிஞ்சின. பொம்மையின் தலைமயிர் ஒன்று, ஒற்றைச் சில்லு, எதற்கென்றே விளங்காத கொக்கி. அதற்கும் ஒரு கப் வைத்தாள். அந்தக் கப்தான் முதலில் காலியானது.

*

இந்தக் கட்டையின் பூட்டுக்கு டென்மார்க்கின் பில்லுண்டில் இருந்த கம்பனி 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கேட்டது. அந்த வருசத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். எட்டுப் புள்ளிக் கட்டை, ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் எத்தனை விதமாகப் பூட்டலாம்? கம்பனி நெடுநாள் சொல்லிவந்த கணக்கு 102,981,500. ஒன்றின்மேல் ஒன்றாக ஆறடுக்கு ஏறும் கோபுரங்களை மட்டும் எண்ணியது அது. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதக்காரர் சோரன் ஐலர்ஸ் பிறகு எல்லா விதத்தையும் கணினியில் எண்ணிப் பார்த்தார்: 915,103,765.

மகனிடம் சொன்னேன். அவன் ஆறு கட்டையை எடுத்து வரிசையாக வைத்தான். லயமாம். முன்னால் நீலத் துண்டு ஒன்று, பீலியாம்.

*

ஸ்டோரில் பிரித்தது பிரிந்தபடியே ஏலத்துக்குப் போகும். இங்கே பிரித்தது பின்னேரத்துக்குள் கலந்துவிடுகிறது. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. ஆறு மணிக்குச் செய்தி கேட்டபடி மறுபடி சலிக்கிறாள். மழைக்குள் அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.

*

இரண்டு தட்டைகள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. அம்மாயியிடம் நீட்டினான், அவளுக்கும் பல்லில்லை. இருவரும் சிரித்தார்கள். என்னிடம் வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள், பக்கத்துப் பக்கத்தில் நாலு. நான் கண்டிராத ஒரு பிள்ளை எப்போதோ கடித்தது. அதே இடத்தில் பல்லை வைத்தேன். டக்கென்று கழன்றது.