வேலியில் ஒரு பொட்டு

கொஞ்சக் காலமாகப் பலருடைய மனத்திலும் ஒரு கனவு குடியேறியிருக்கிறது. நாடு ஒருநாள் குலைந்துபோகும். கறண்ட் நிற்கும், கடைகள் பூட்டும், பெற்றோல் வராது. அப்போது நாங்கள் மட்டும் இரண்டு ஏக்கர் காணியில், சுற்றிவர மதில் எழுப்பி, கிணறு, பசு, கோழி, சோலார் தகடு என்று பிள்ளைகுட்டிகளோடு நிம்மதியாக இருப்போம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த ஜூன் மாதம் இலங்கை அரசாங்கமே வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி, மூன்று மாதத்துக்கு அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கத் தீர்மானித்தது. மரவள்ளித் தடி ஊன்றினால் கிழங்கு முற்ற எட்டுப் பத்து மாதம் செல்லும் என்று அமைச்சரவைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கனவிலே ஒரு வசதி இருக்கிறது. அங்கே யாருக்கும் காய்ச்சல் வராது. விறகு நனையாது. விதைவெங்காயம் அழுகாது. பின்னேரமானால் எல்லாரும் முற்றத்தில் சிரித்தபடி இருப்பார்கள்.

இப்படியொரு வாழ்க்கையைக் கனவாக இல்லாமல் நிசமாகவே வாழ்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. வெளியே போவதென்றால் பாஸ் எடுத்து, இரவிலே கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே பெயர்ந்து நடக்கும்வரை, ஐந்து வருடத்துக்கு மேல், இலட்சக்கணக்கான குடும்பங்களின் அன்றாடம் இதுதான்.

அந்தக் காலத்து விளக்கு ஒன்றைச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூபின் வால்வுக் கட்டைக்குள் ஒரு மெல்லிய திரி. அந்தக் கட்டையை ஒரு கம்பி தாங்கிப் பிடிக்கும். போத்தலின் கண்ணாடியே காற்றைத் தடுத்துவிடும் என்பதால் சிமினி தேவையில்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஒரு கிழமைக்கு இழுக்க வேண்டியிருந்த வீட்டில் சொட்டுக் கணக்குத்தான் எல்லாம். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதினார்கள், உயர்தரம் எழுதினார்கள், பல்கலைக்கழகம் போனார்கள்.

வானொலிக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் வயர் றேடியோவுக்குப் போகும். இரவில் பிபிசி தமிழோசைக்கு அயலெல்லாம் கூடிவிடும். சுற்றுகிறவர் செய்தியில் சொக்கிக் கை தளர்ந்தால் போச்சு, முக்கியமான இடத்தில் சத்தம் விழுந்துவிடும். நாலு பக்கத்திலிருந்தும் ஏச்சு வரும். இப்போது சுவிட்சைத் தட்டிவிட்டு றேடியோவில் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்தியும் விடலாம்!

சவர்க்காரம் விலை ஏறிக் கைக்கு எட்டாமல் போனபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். சோற்றுக்கு அரிசி தட்டுப்பாடானால் ஒடியல் இருந்தது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியல் மாதக்கணக்கில் கெடாது. அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டால் பிட்டு அவிக்கலாம், கூழ் காய்ச்சலாம். வளவில் நிற்கும் பனையை அதுவரை பெரிதாக மதிக்காதவர்களும் அந்த ஐந்து வருடத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இருக்கும். இதையெல்லாம் செய்த கைகள் யாருடையவை என்று கேட்டால்தான் கதை மாறும். தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓயவே, வீட்டுத் தண்ணீர் முழுவதும் வாளியும் கயிறுமாக ஏறியது. விறகு பொறுக்கி, மாவிடித்து, பனம்பழத்தோடு மல்லாடித் துணி தோய்த்து, விளக்குத் திரியும் திரித்து, குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியது பெரும்பாலும் தாய்மார். தன்னிறைவு என்று நாம் இன்று ஆசையாகச் சொல்வதில் பெரும்பங்கு அவர்களுடைய முதுகில் ஏறியிருந்தது. இரண்டு ஏக்கர் கனவு காணும் ஆண்கள் இந்தக் கணக்கை மனைவியோடு சேர்ந்திருந்து போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. அத்தனை கெட்டித்தனம் இருந்தும் எந்த வீடும் தன்னந்தனியாக நிமிர்ந்து நிற்கவில்லை. தடை போட்ட அதே அரசாங்கம் கப்பலில் நிவாரண அரிசியும் மாவும் அனுப்பியது. கச்சேரி இயங்கியது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது, சங்கக்கடையில் பங்கீடு நடந்தது. பெரியாஸ்பத்திரி செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் நடந்தது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் எந்த வளவிலும் காய்க்காது. மருந்து வரப் பிந்தியதால் பறிபோன உயிர்களை அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு ஊரும் சொல்லும்.

வளவுக்குள் கிடைக்காததில் பாதி வேலிக்கு அப்பால் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வேலியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கிளுவையோ பூவரசோ நட்டுக் கிடுகு வரிந்த வேலியில் எங்காவது ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி. ஒரு கதியால் நாலு விரற்கடை நகர்ந்ததற்குக் கோடு, கச்சேரி என்று தலைமுறையாக வழக்காடிய அதே சனம்தான், தீப்பெட்டித் தட்டுப்பாட்டில் அந்தப் பொட்டால் சிரட்டையில் நெருப்பு வாங்கிப் போனது. ஒரு சுண்டு அரிசி இந்தப் பக்கம் வரும், ஒரு பிடி முருங்கையிலை அந்தப் பக்கம் போகும். நல்லதண்ணீர்க் கிணறு ஒரு வளவில் இருக்கும். உவர்க்கிணற்றுக்காரர் குடத்தோடு வருவார். ஒரு பங்கரில் இரண்டு வீடு ஒதுங்கும். சைக்கிள் ஒருவருடையது, றேடியோ மற்றவருடையது.

ஆகவே அந்தக் கனவிலே எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, அந்த மதில். கிணறு நல்லது, மரவள்ளி நல்லது, கோழி மிக நல்லது. அவற்றைக் கட்டாயம் வையுங்கள். ஆனால் ஊர் குலைந்த நாளில் ஊரை வெளியே நிறுத்திப் பூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர், தம் வீட்டிலே முதல் காய்ச்சல் வரும்வரைக்கும்தான் அப்படி நினைப்பார்.

அந்தத் தடைக்காலத்தில் முப்பது வயதிலிருந்த தாய்மாருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படியொரு அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் போய் இருங்கள். அந்த விளக்கை எப்படிச் செய்தார்கள், பனம்பழத்தில் வெள்ளைச் சட்டை எப்படித் தோய்த்தார்கள், யார் வீட்டுக் கிணறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது என்று கேளுங்கள். பெயர்களோடு எழுதி வையுங்கள். போன் இருந்தால் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள்.