யார்ட சத்தம்?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பின், பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். முதுகில் கிற்றார், கையில் ஒரு சொப்பிங் பை. சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் உல்லாசப் பயணிகள் இராச்சாப்பாடு உண்ணும் வேளையில் வாசிக்கிறானாம். கலாசாலை விடுதியில் நான் நாலைந்து கோர்ட்ஸ் பழகியவன் என்பது அவனுக்குத் தெரியும். பைக்குள் இருந்து ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை எடுத்து விறாந்தை மேசையில் வைத்தான். ஜப்பானின் ஸூம் கம்பனி 2019இல் வெளியிட்ட 'ஜி1 போர்' என்ற கருவி. நான்கு பென்டோர்ச் பற்றரிகளில் ஓடும்.

"ஹெட்போனைப் போட்டுப் பாருங்க சேர்" என்றான்.

வாத்தியம் கூடுமா கூடாதா என்ற சர்ச்சைக்குள் நான் இங்கு நுழையவில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனியொரு பாகம் எழுதியிருக்கிறார். மறுத்தோரும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு.

மின்கிற்றாருக்குச் சொந்தமாகச் சத்தம் இல்லையென்றே சொல்லலாம். கம்பியைத் தட்டினால் கொசு ரீங்காரம்தான் கேட்கும். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்ற, அதை அம்பிளிபயர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆகவே அம்பிளிபயர் அந்த வாத்தியத்தின் பாதி உடம்பு. பழைய வெற்றிடக் குழாய் அம்பிளிபயர்களை அவற்றின் சக்திக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சிகள் நசுங்கிச் சத்தம் கரகரக்கும். பொறியியலாளனின் கண்ணில் அது பழுது. உலகமோ அந்தப் பழுதைத்தான் காதலித்தது.

இந்தப் பெட்டிக்குள் வெற்றிடக் குழாய் எதுவும் கிடையாது. கம்பியிலிருந்து வரும் அலையை அது ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக்குகிறது. அந்தக் குழாய் இந்த இடத்தில் எப்படி நசுங்கும், அந்தப் பலகைப் பெட்டி எந்தச் சுரத்தை விழுங்கும் என்பதையெல்லாம் கணக்காகச் செய்து, கையும் காதும் பிரித்தறிய முடியாத வேகத்தில் திரும்பச் சத்தமாக்குகிறது. 1995இல் றோலண்ட் கம்பனியின் விஜி-8, 1998இல் கலிபோர்னியாவின் லைன் 6 வெளியிட்ட சிவப்பு நிறப் 'பொட்', 2011இல் ஜெர்மனியின் கெம்பர் என்று இந்த வித்தை வளர்ந்து வந்திருக்கிறது. கெம்பர் ஒருபடி மேல். உண்மையான அம்பிளிபயர் ஒன்றுக்குள் சில ஒலிகளை அனுப்பி, அது எப்படிப் பதில் சொல்கிறது என்று கேட்டு, அதன் சாயலை எடுத்து வைத்துக்கொள்ளும்.

ஒரு பட்டனை அழுத்தினேன். லண்டன் மேடையொன்றின் இடிமுழக்கம். இன்னொன்றை அழுத்தினேன். தேவாலய மண்டபத்தில் நிற்பது போன்ற எதிரொலி. வெளியே மிளகுக் கொடியில் குருவி கத்திக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கேட்டதெல்லாம் கொசு ரீங்காரம் மட்டுமே.

"செல்லுங்க சேர், இது யார்ட சத்தம்?" என்றான் அவன்.

சாதாரணமாகத்தான் கேட்டான். எந்த அம்பிளிபயரின் சாயல் என்று ஊகிக்கச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காது சூடேறியது. ஏனென்றால் அதே கேள்வியை 2010இல் நான் அவனிடம் கேட்டிருந்தேன், மேடையில் வைத்து.

மீலாத் போட்டி. இஸ்லாமிய கீதம். நான் நடுவர்களில் ஒருவன். பதினாலு வயதுப் பையன் மைக்கின் முன்னால் வந்து, "நாகூர் ஈ. எம். ஹனீபா பாடியது" என்று அறிவித்துவிட்டுப் பாடினான். அந்தக் கணீர்க் குரலின் ஏற்ற இறக்கம், சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தும் பாங்கு, மூச்செடுக்கும் இடம் எல்லாம் அப்படியே. சபை கைதட்டியது. தனித்தன்மை என்ற நிரலில் பத்துக்கு மூன்று போட்டேன். முடிவு சொல்லும்போது, "தம்பி, இது ஹனீபாவின் குரல், உன் குரல் எங்கே?" என்று வேறு கேட்டேன். சபை சிரித்தது. அதன் பின்னர் அவன் பாடவில்லை. ஓ.எல். முடித்துக் கிற்றாருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டபோதும் இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

நான் செய்தது நியாயந்தானா? போலச்செய்தல் பொய்யா?

அம்பிளிபயர்களின் வரலாறே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1962இல் லண்டன் ஹன்வெல்லில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் செய்த முதல் அம்பிளிபயர், ஜேடிஎம்45, அமெரிக்க பென்டர் கம்பனியின் 'பாஸ்மேன்' சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். கிட்டத்தட்டக் கோட்டுக்குக் கோடு அதே படம். ஆனால் குழாய், டிரான்ஸ்போமர், ஸ்பீக்கர் எல்லாம் இங்கிலாந்தில் கையில் கிடைத்தவை. அதனால் சத்தம் சற்றே மாறியது. அந்தச் சற்றேதான் பின்னர் மார்ஷல் என்ற பெயரில் உலகைப் பிடித்தது. பாஸ்மேனும் பேஸ் கிற்றாருக்கென்று செய்யப்பட்டு, மற்றக் கிற்றார்காரர் தம் பக்கம் இழுத்துக்கொண்ட பெட்டிதான். இன்று இந்தக் கறுப்புப் பெட்டி 'அசல்' என்று நகலெடுப்பது ஒரு நகலை. மார்ஷல் முதற்பெட்டியைக் கொண்டுவந்த நாளில் என்னைப் போல ஒருவன் நடுவராக இருந்திருந்தால், பத்துக்கு மூன்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

இன்னும் சொல்கிறேன். கலாசாலையில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த விரிவுரையாளருக்கு ஆஸ்துமா. முக்கியமான சொல்லுக்கு முன்னர் ஒரு கணம் நிறுத்தித் தொண்டையைச் செருமுவார். அந்த நிறுத்தத்தில் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காரும். கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் வாரமே நானும் செருமத் தொடங்கிவிட்டேன், எந்த நோயும் இல்லாமல். இன்று வரை செருமுகிறேன். சென்ற வருடம் எட்டாம் வகுப்புப் பையன்கள் இடைவேளையில் என்னைப் போல நடித்ததைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டேன். செருமல் பிரமாதம். அவர்கள் ஒருபோதும் காணாத ஒரு மனிதரின் இளைப்பு அது.

அப்படியானால் எது மோசடி? நகலெடுத்ததை மறைப்பது என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. அதிலும் ஒரு விசித்திரம். இத்தகைய கருவிகள் சிலவற்றில் மார்ஷல் என்று இருக்காது, 'பிரிட்' என்று ஏதோ சூசகமாக இருக்கும். வியாபாரப் பெயரைத் தொட்டால் வழக்கு வரும் என்ற பயம். மூலத்தைச் சொல்லக்கூடாதென்று சட்டம் அவர்களை நெருக்குகிறது. என் மாணவனோ மைக்கில் மூலத்தைச் சொல்லிவிட்டுத்தான் பாடினான். சொன்னதற்காகவே மாட்டிக்கொண்டான். சொல்லாமல், கொஞ்சம் கலைத்துப் பாடியிருந்தால் ஏழோ எட்டோ போட்டிருப்பேன்.

குரலா எதிரொலியா என்ற இந்தக் கேள்வி நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. ஸஜ்தா வசனத்தை எதிரொலியில் கேட்டவர் மீது ஸஜ்தா கடமையாகாது என்று ஹனபி நூல்கள் பேசும். ஓதியவரின் குரல் வேறு, மலை திருப்பித் தரும் சத்தம் வேறு. ஒலிபெருக்கி வந்தபோது அதே அளவுகோலை உலமாக்கள் அதன்மீது வைத்தார்கள். கேட்பது இமாமின் குரல்தானா, அதன் எதிரொலியா? எதிரொலி என்றால் அதைப் பின்பற்றித் தொழுவது எப்படி? முப்தி முஹம்மது ஷபீ அவர்கள் விஞ்ஞானம் படித்தோரிடம் விசாரித்து, முன்னர் இறுக்கமாக இருந்த தமது கருத்தைப் பின்னர் தளர்த்தியது பதிவில் உள்ளது. அந்தப் பெரியவரின் கவனம் எனக்குப் பிடிக்கும். தெரியாததைக் கேட்டு அறிந்து, தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்த்தார். பள்ளிக்கூட நடுவன் எனக்கு அது தோன்ற இவ்வளவு காலமும் ஒரு பெட்டியும் தேவைப்பட்டன.

கருவிக்கு முழு நற்சான்று கொடுக்கவும் நான் தயாரில்லை. ஹெட்போனில் எல்லாம் அழகு. ஆனால் நெஞ்சில் வந்து மோதும் காற்று இல்லை. ஒரு வாரம் தந்துவிட்டுப் போனான். இரவில், ஊர் தூங்கிய பின், வாசித்துப் பார்த்தேன். இடிமுழக்கச் சத்தத்தில் என் தப்பான விரல்கள்கூடப் பெரிய வித்வானின் தப்புகள் போல ஒலித்தன. அங்கேதான் கொஞ்சம் பயந்தேன். சாயல் கிடைத்துவிட்டால் உழைப்பு இருப்பதாக நம்பிவிடலாம். எதிரொலியை நிறுத்திவிட்டு வாசித்தேன். தெரிந்துபோயிற்று.

பெட்டியைத் திருப்பி வாங்க வந்தவனிடம், 2010இல் நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அவன் சிரித்தான். "நான் அதையெல்லாம் எப்பவோ மறந்தாச்சி சேர்" என்றான். மறந்தவன் எந்த வருடம் என்று என்னைக் கேட்டிருப்பான். கேட்கவில்லை. ஒரு கீதம் பாடச் சொன்னேன். "கொரல் ஒடஞ்சி போச்சி சேர்" என்று வயரைச் சுருட்டினான்.

இந்த வருட மீலாத் போட்டிக்கும் நடுவராக வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. புள்ளிப் படிவமும் இணைத்திருக்கிறார்கள். அதே படிவம். 'தனித்தன்மை - 10' என்ற நிரல் அப்படியே இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.