பார்த்துக் கற்றவனின் கடன்

செயின்சாவில் மரத்தை வெட்டுவது பல் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது பாதி உண்மை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது. ரேக்கர் என்பார்கள். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல்லின் நுனிக்கும் மேட்டின் தலைக்கும் இடையே பெரும்பாலான சங்கிலிகளில் சுமார் 0.65 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். அது குறைந்தால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தை வருடிக்கொண்டுதான் போகும். கூடினால் கடித்து இழுக்கும், எஞ்சின் திணறும், சில நேரம் முழு வாளும் வெட்டுபவனின் முகத்தை நோக்கி எகிறும்.

பல்லைத் தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். சங்கிலியின் அளவுக்கு ஏற்ப 4 மில்லிமீட்டர், 4.8, 5.2 என்று அரத்தின் தடிமன் மாறும். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரி சாய்வு. அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ள வேண்டும். திரும்பும்போது தேய்க்காமல் தூக்கிவிட வேண்டும். இடதுபக்கப் பல்லும் வலதுபக்கப் பல்லும் மாறி மாறி வருவதால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவார்கள். எல்லாப் பல்லும் இருப்பதிலேயே குட்டையான பல்லின் நீளத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு பக்கம் நீண்டிருந்தால் செயின்சா நேராக இறங்காது, வளைந்துகொண்டே போகும்.

(வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் அரத்தையும் மரத்தையும் ஒரே குறளுக்குள் வைத்திருக்கிறார். அரம் போலக் கூர்மை இருந்தும் மனிதப் பண்பு இல்லாதவர் மரம்தான் என்கிறார். மரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு இந்த உவமை கொஞ்சம் அநியாயமாகத்தான் படும்.)

மேலே சொன்னதில் ஒரு வரியைக்கூடப் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் வெட்டும் கோணம், சீவல் தடிமன் பற்றிய கணக்கு தெரியும். மற்றதெல்லாம் யூடியூப். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் வெட்டிய பில்லி ரே ஸ்மித் என்பவரின் காணொளிகளை எத்தனை இரவு பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இத்தனைக்கும் பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் எனக்கு வெட்டுவதற்கு ஒரு கிளைகூடக் கிடையாது.

நான் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் தாய்மாமா. கிள்ளானில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் இருபத்தைந்து வருஷமாக மரம் வெட்டுகிறார். சாலையோரத்து அங்சானா, தூங்குமூஞ்சி மரம், யார் வீட்டுக் கூரைமேலாவது சாய்ந்த மாமரம். 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் வேரோடு விழுந்து ஒருவர் இறந்தார். மோனோரயில் பாதையும் அடிவாங்கியது. அதற்குப் பிறகு மாமாவின் குழுவுக்கு அழைப்பு நிற்கவில்லை. நேற்றுவரை நிழலுக்காக அடியில் கார் நிறுத்தியவர்கள், இன்று அதே மரத்தை அண்ணாந்து பார்த்துப் பயந்தார்கள். புதிதாக ஆள் எடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு வங்காளதேசத்து இளைஞன், இருபத்திரண்டு வயதிருக்கும், சங்கிலி தீட்டுவதைப் போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்திருந்தான். மாமா அதை என்னிடம் சொன்னபோது புகாராகத்தான் முடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாத்தான் தீட்றான் மாப்ள. என்னய விட சீரா இருக்கு. ஆனா யாருகிட்ட கத்துக்கிட்டன்னு கேட்டா, பேரு சொல்ல ஆளு இல்ல அவனுக்கு."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் பிரச்சினை. மாமாவுக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனப் பெரியவர் ஒருவர். இரண்டு வருஷம் வெறும் கிளை இழுக்கவிட்டு, மூன்றாம் வருஷம்தான் அரத்தைக் கையில் கொடுத்தாராம். அந்தப் பெரியவர் இறந்தபோது மாமா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. யாரென்றே தெரியாத, தன்னைப் பார்த்தே இராத ஒருவரிடமிருந்து கற்றவனுக்கு அப்படி ஒரு துக்கம் உண்டா? கடன் உண்டா? அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம். தான் கற்பித்ததே தெரியாதவனுக்கு மாணவன்மேல் பொறுப்பு உண்டா?

நம் மரபில் இந்தக் கேள்விக்கு உடனே வந்து நிற்கிறவன் ஏகலைவன். நாம் அவன் கட்டைவிரலைப் பற்றியே பேசிப் பேசிப் பழகிவிட்டோம், பேச வேண்டியதுதான். எனக்கு அதற்கு முந்தைய காலம்தான் விசித்திரமாக இருக்கிறது. மண்ணால் செய்த துரோணர் காட்டில் நிற்கிறார். தோளைத் தாழ்த்து, முழங்கையை உள்ளே கொண்டுவா என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அப்படியானால் ஏகலைவனைத் திருத்தியது யார்? அம்புதான். குறி தவறிய ஒவ்வொரு அம்பும் போய் நின்ற இடம் அவனுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. சிலை அவனை அங்கே நாள் தவறாமல் நிற்க வைத்தது, அவ்வளவே.

செயின்சாவும் இப்படித்தான் பேசும். தீட்டிய சங்கிலி மரத்தில் இறங்கும்போது துண்டு துண்டாகச் சீவல் வந்து விழுந்தால் கை சரி. மாவு மாதிரித் தூள் பறந்தால் பல் மழுங்கியிருக்கிறது. வெட்டு ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்துப் பற்களைப் போய்ப் பார். மாமா இதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார். "கேக்குதா? அழுவுது பாரு. பல்லு வேல செய்யல, நீதான் அமுக்கி வேல செய்ற" என்பார். எனக்கு அந்தச் சத்தத்தில் வித்தியாசம் தெரிய ஆறு மாதச் சனிக்கிழமைகள் ஆயின. போன் ஸ்பீக்கரில் அது சுத்தமாக வராது.

இன்றைய சங்கிலிக்கே இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946-இல் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழுவைக் கவனித்தார். நார் போகும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் ஒரே சுலபத்தோடு அது மரத்தைக் குடைந்துகொண்டு போனது. அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக வேலை செய்வதைப் பார்த்து அதே வடிவில் சங்கிலிப் பல் செய்தார். அடுத்த வருஷம் கம்பெனி தொடங்கினார். இன்று கிள்ளான் கடைகளில் தொங்குகிற சங்கிலிகளும் அந்த வளைவின் வம்சம்தான். புழு யாருக்கும் கற்பிக்கவில்லை. அதற்கு யாரும் தட்சணை கொடுக்கவுமில்லை.

ஆகவே பார்த்துக் கற்பதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தட்டுகள் அசையாமல் மேசைவிரிப்பை மட்டும் உருவும் வித்தையைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தங்களால் முடியும் என்ற நம்பிக்கை கூடியது. திறமை கூடவில்லை. பார்ப்பது கைக்குள் போவதற்கு முன்பே தன்னம்பிக்கைக்குள் போய்விடுகிறது.

மேசைவிரிப்பில் தோற்றால் உடைவது தட்டு. சங்கிலியைத் தப்பாகத் தீட்டினால் வெட்டு வளையும், அரை மணிநேரம் வீணாகும், திரும்ப உட்கார்ந்து தீட்டலாம். இருபது மீட்டர் மரத்தைச் சாய்ப்பது அப்படியல்ல. எந்தப் பக்கம் கனம், உள்ளே எங்கே அழுகல், நார் எங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தப்பாகப் படித்தால் மரம் அதை ஒரே ஒருமுறைதான் சொல்லும். எதைக் காணொளியில் கற்கலாம், எதைக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் முதல் பிழையின் விலை. விலை குறைவென்றால் சிலை போதும். விலை உயிர் என்றால் பக்கத்தில் கண் உள்ள ஓர் ஆள் வேண்டும். கத்தி நிறுத்துவதற்கு வாய் உள்ள ஆள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் மாமாவிடம் கேட்டேன், நீங்கள் தீட்டுவதை வீடியோ எடுத்துத் தமிழில் போடலாமா என்று. மரம் சாய்ப்பது வேண்டாம், தீட்டுவது மட்டும்.

மறுத்துவிட்டார். "கூரா இருக்கறதாலதானே வெட்டணும்னு தோணும்? மொட்டையா இருந்தா சலிச்சுப்போயி வச்சிடுவான். நான் தீட்டக் காட்டிக் குடுத்து, எவனோ ஒருத்தன் வீட்டுப் பின்னால நிக்கிற மரத்த தானே வெட்டப் போயி மேல விழுந்துச்சுனா? அவன் மூஞ்ச நான் பாத்ததுகூட இல்ல மாப்ள."

மழுங்கிய சங்கிலிதான் அதிக ஆபத்து, அமுக்கி வெட்டும்போதுதான் கை நழுவும் என்று நான் எதிர்வாதம் செய்தேன். அது சரி என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் வேண்டாம் என்றார். அவருக்குக் கற்பிப்பது என்றால் இன்னார் இன்றைக்கு அரத்தைத் தொடலாம், இன்னார் தொடக்கூடாது என்று சொல்லும் உரிமையும் சேர்ந்ததுதான். சீனப் பெரியவர் அவரை இரண்டு வருஷம் கிளை இழுக்க வைத்ததைக் கொடுமை என்று நான் நினைக்கிறேன். அதைக் காவல் என்கிறார் மாமா. யூடியூப்பில் அந்தக் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் நேராக அரத்துக்கு வந்துவிடலாம். சாதியோ இனமோ குடும்பமோ பார்த்துக் கதவைச் சாத்திய எத்தனையோ தொழில்களை நினைத்தால், அந்தத் திறந்த கதவு எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்த வங்காளதேசத்துத் தம்பியை இரண்டு வருஷம் கிளை இழுக்கவிட அவன் பெர்மிட்டுக்குப் பொறுமை கிடையாது.

இதற்கு நடுவில் என் பாட்டி ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார். மாமாவின் அம்மா. கித்தா மரம் சீவியவர். 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்க வழி கண்டுபிடித்தார் என்று புத்தகங்களில் இருக்கிறது. பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறை அது. அந்தச் சீவலை எடுத்த கைகள் நம்முடையவை. பட்டைக்கு அடியில் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து உளி நிற்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், தண்டல் வாயில் விழ வேண்டியதுதான். விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்தார் பாட்டி. அதற்குத் தகுந்தபடி உளியைக் கல்லில் தீட்டினார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, பக்கத்து நிரையில் வெட்டிய ஒரு அக்காவின் பெயரைச் சொன்னார்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. புக்கிட் ராஜாவுக்கும் புக்கிட் ஜாலிலுக்கும் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பெயர் மட்டும் மிச்சம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒருவர் அரம் பிடிக்கும் விதத்தை நடு இரவில் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க முடிகிற எனக்கு, பாட்டி உளி பிடித்த விதத்தைப் பார்க்க வழியில்லை. அவர் அதைத் தன் பிள்ளைகளில் ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. வேண்டுமென்றே தரவில்லை. "நீங்களாச்சும் உளியத் தொடாம இருங்க" என்பதுதான் அவர் கொடுத்த சீதனம். அந்த மறுப்பில்தான் நான் பொறியாளன் ஆனேன். ஆகவே கற்றுக்கொடுக்காமல் விடுவது தவறு என்று பொதுவாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பாட்டி மறுத்தது தன் கண்ணுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்காக. மாமா மறுப்பது முகம் தெரியாதவர்களுக்காக. பாட்டியின் மறுப்பு ஒரு வாழ்க்கையிலிருந்து எங்களை விடுவித்தது. மாமாவின் மறுப்பு யாரை எதிலிருந்து விடுவிக்கும்? மரம் வெட்டப் போகிறவன் எப்படியும் போகத்தான் போகிறான், பிறர் காணொளியைப் பார்த்துவிட்டு. இதில் மாமாவின் பக்கம் பலவீனமானது என்றே நான் நினைக்கிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். பில்லி ரே ஸ்மித்துக்கு நான் பட்ட கடனை விளம்பரக்காரர்கள் அடைத்துவிட்டார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். கணக்குப்படி சரிதான். துரோணருக்குக் கட்டைவிரல், யூடியூப்புக்கு முப்பது விநாடி, மலிவாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனால் தோட்டத்துக்காரர்களும் பாட்டிக்குச் சம்பளம் கொடுத்துக் கணக்கு முடித்தவர்கள்தான். அந்தக் கைவேலையில் சம்பளத்துக்குள் அடங்காத ஒன்று இருந்தது, அதை யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதுதானே என் வருத்தம்? ஒருவரிடமிருந்து கை மாறி வந்த ஒன்றை என் கையோடு நிறுத்திக்கொள்ளும்போதுதான் அது கடனாகிறது என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. என் கைக்கோ இன்னும் அந்த வேலை முழுசாக வரவில்லை.

மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்: எத்தனை தள்ளல், எந்தச் சாய்வு, ரேக்கரை எத்தனை தீட்டலுக்கு ஒருமுறை இறக்குகிறார், எந்தச் சத்தத்துக்கு நிறுத்துகிறார். அந்த வங்காளதேசத்துத் தம்பி இவ்வளவு மெனக்கெடுவதில்லை. மாமா லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து தீட்டும்போது போனை எடுத்துப் படம் பிடிக்கிறான். ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பவாம். மாமா இதுவரை அவனை ஒன்றும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவன் தம்பிய எனக்குத் தெரியும். வீடியோ கால்ல பேசிருக்கேன்" என்றார்.