கட்டும் கருணையும்

ஓருயிரைத் தன் விருப்பின்படி வளைத்து வளர்த்தல் அறமாகுமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வினா தொட்டியில் மரம் வளர்க்குங் கலைபற்றி எழுந்ததாயினும் அவ்வளவில் நில்லாது.

சீனத்தில் தோன்றிச் சப்பானிற் செழித்த இக்கலையைப் போன்சாய் என்பர். நம் நாட்டில் ஆலும் அரசும் இதற்குக் கொள்ளப்படுகின்றன. வேரையுங் கிளையையுங் காலந்தோறும் நறுக்கி, செம்பு அல்லது அலுமினியக் கம்பியைக் கிளையிற் சாய்வாகச் சுற்றி, மெல்ல வளைப்பர். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காதல் வேண்டும். கிளை அந்நிலையிற் படிந்தபின், கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி அகற்றுவர். ஆல் விரைந்து பருப்பது. சில வாரங் கவனியாதுவிடின் கம்பி பட்டையிற் புதைந்து வடுவாகும்.

இது கொடுமையன்றோ எனின், அறுத்தலும் கட்டுதலும் தம்மளவிற் கொடுமையாகா. காவிரிநாட்டு உழவர் நாற்றை வேரோடு பறித்து நடுகின்றனர்; பறியுண்ட பயிரே தூர்கட்டி விளைகின்றது. கும்பகோணம், திருவையாற்றுப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தியை முன்னர் வளர்த்து, வெற்றிலைக் கொடியை அதன்மேல் வாழைநாரால் அவ்வப்போது கட்டிவருகின்றனர். பற்றுக்கோடு நாடுதல் கொடியின் இயல்பு. நார் அதற்குத் துணையாகின்றது. ஆலின் இயல்போ விழுதூன்றிப் பரத்தல். கம்பியும் தொட்டியும் அதனைத் தடுக்கின்றன.

உழவரும் தம் ஊதியங் கருதியன்றோ கட்டுகின்றனர் எனின், உண்மையே. ஆயினும் அவர் ஊதியமும் கொடியின் வளர்ச்சியும் ஒருவழிப்படுவன. தொட்டி மரத்திலோ வளர்ப்போன் இன்பமும் மரத்தின் இயல்பும் மாறுபடுவன. ஆகவே கட்டு யார்பொருட்டு என்பதே வினாவின் உயிர்நிலை.

அங்ஙனமாயின் இக்கலை முற்றும் விலக்கத்தக்கதோ? அன்று. சப்பானில் 1625 முதல் வளர்க்கப்பட்டதாகக் கூறப்படும் வெண்பைன் மரமொன்று, 1945இல் இரோசிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்து மதிலின் மறைவிற் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நீர்வார்த்த கைகள் இல்லையேல் அம்மரம் இல்லை. தொட்டியில் நிற்கும் மரம் தானே நீர் தேடவல்லதன்று. அதனை வளைத்தவன் அதன் வாழ்நாள் முழுமைக்கும் கடன்பட்டவனாகின்றான். வளைத்தபின் வாடவிடுதலே கொடுமையென்க.

இறைவனும் உயிர்களைக் கட்டில் நிறுத்துகின்றானன்றோ எனச் சிலர் ஒப்புமை கூறுவர். திரோதான சத்தி, மலம் தன் தொழிலைச் செய்து முதிருமாறு அதனைச் செலுத்துதலின், உபசாரத்தாற் பாசமெனப்படுகின்றது. மலம் பரிபாகமுற்றபோது அச்சத்தியே அருட்சத்தியாய் விளங்கும். இதனால் இறைவன் தனக்கென அடையும் பயன் யாதுமில்லை. பயன் முழுதும் உயிர்க்கே. மாந்தர் கட்டும் கட்டிலோ தம் பயன் கலந்தே நிற்கும். ஆகலின் அதனைக் கருணையெனப் பெயரிட்டுத் தம்மைத் தேற்றிக்கொள்ளுதல் தகாது. கடன் என்றலே பொருந்தும் என யாம் துணிகின்றோம்.

மக்களை வளர்ப்போர்க்கும் மாணவரைப் பயிற்றுவோர்க்கும் இதுவே அளவை. பிள்ளையின் இயல்பு நோக்காது, தம் பெருமைக்குரிய வடிவில் அதனை வளைக்க முயல்வோர் பலர். வளைத்தபின் கட்டவிழ்க்க மறப்போர் அவரினும் பலர். இயல்பறிந்து கட்டுக, பருவமறிந்து அவிழ்க்க, இரண்டிற்கும் இடையே நாள்தோறும் நோக்குக. நோக்காது விட்ட கம்பி, எத்துணை நற்கருத்தோடு சுற்றப்பட்டதாயினும், வடுவையே விளைக்கும்.